தலை எண்ணுகிறவர்

மனைவி அடுப்பைப் பற்றவைக்கக் கையை நீட்டினால், அவர் குறுக்கே மூக்கை நீட்டுவார். இரண்டு இழுப்பு இழுத்து, கேஸ் வாசம் இல்லை என்று திருப்தியானதும், "ம், இப்ப பத்த வை" என்று உத்தரவு கொடுப்பார். அதற்குள் பள்ளி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்து ஓய்ந்திருக்கும்.

எரிவாயு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. ஊரைவிட்டு வந்து பல வருடம் தனியாகக் கிடந்து, நடையாய் நடந்து கம்பெனியிடம் குடும்ப வீடு வாங்கினார். மனைவியும் மகளும் வந்து இறங்கிய அன்று அவர்களை வரவேற்றது, வாசற்கதவில் ஒட்டியிருந்த படம். தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று சிவப்பு அம்பு போட்டிருந்தார். வீட்டில் மொத்தமே இரண்டு அறை.

"இருக்கிறது ஒரே கதவு. இதுக்கு எதுக்குங்க அம்பு?"

"பதட்டத்துல கதவே கண்ணுக்குத் தெரியாதும்மா."

நினைத்தால் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதிவிடுவார். போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கார் நிறுத்துமிடத்து விளக்குக் கம்பத்தடியில் நிற்க வேண்டும். அவர் தலை எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு. எல்லாரும் பத்திரம்." தன்னைச் சேர்க்கமாட்டார். மகள் ஒருமுறை கேட்டே விட்டாள், "அப்பா, அப்ப நீங்க?"

"எண்ணுறவன் கணக்குல வரமாட்டான், கண்ணு."

மனைவியைத் தலை நிறைய ஷாம்பு நுரையோடு கம்பத்தடியில் நிற்கவைத்த அன்றுதான் வினை வந்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆள் நடமாட்டம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் விசிலைப் பிடுங்கி அரிசி டப்பாவில் புதைத்தாள்.

"உங்ககூட இருக்கலாம்னு வந்தேன். வந்த நாள்லேருந்து வீட்டைவிட்டு ஓடிக்கிட்டே இருக்கேன். இன்னொரு தடவை ஓடவிட்டீங்க, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊருக்கே ஓடிடுவேன், பார்த்துக்குங்க."

சொன்னால் செய்கிறவள். அலமாரி உச்சியிலிருந்த பெட்டி இறங்கி வந்து கட்டிலோரம் நின்றது. மனிதர் வாலைச் சுருட்டிக்கொண்டார். மூக்கைக்கூட ஹாலில் இருந்தபடியேதான் நீட்டினார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஆலைச் சங்கு அலறியது. பயிற்சி என்றால் அவருக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை. விசிலுக்காக நெஞ்சைத் தடவினார். சட்டைப் பொத்தான்தான் தட்டுப்பட்டது. அதற்குள் மனைவி அடுப்பை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் கையைவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். அவரோ ஹெல்மெட்டைத் தேடி உள்ளறைக்குத் திரும்பினார். எதை எடுக்கவும் திரும்பக் கூடாது என்பது அந்தப் படத்துக்குக் கீழே அவரே எழுதிவைத்த முதல் விதி.

கம்பத்தடியிலிருந்து விசில் வீறிட்டது. அரிசி ஒன்று சிக்கிக்கொண்டதில் பாதி சத்தம், பாதி காற்று.

"இன்னும் உள்ள என்னங்க பண்றீங்க? வாங்க வெளிய!" குரல் அவளுடையதாகவே இல்லை.

தலையில் ஹெல்மெட்டும் ஒற்றைக் காலில் செருப்புமாக ஓடி வந்து சேர்ந்தார். சங்கு ஓய்ந்தது. அவர் கைபேசி சிணுங்கியது: சங்கைப் பழுது பார்த்தவர்கள் சும்மா அடித்துப் பார்த்தார்களாம். எதிர்வீட்டு ஜன்னல்கள் மறுபடி நிறைந்தன.

"இன்னிக்கு நான் ஊதலம்மா... அந்தப் பெட்டியை மேல ஏத்திடவா?"

அவள் விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தன் தலையைத் தொட்டு, "ஒண்ணு." மகள் தலையைத் தொட்டு, "ரெண்டு." பிறகு விரலை மடக்கி அவர் ஹெல்மெட்டில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"மூணு."