எஞ்சின் காதில் சந்தனம்

எங்கள் வீட்டுக் கார் ஒரு காலத்தில் நல்ல வெள்ளையாக இருந்தது என்று மாமா சொல்லுவார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அது, சாயம் கொஞ்சம் தூக்கலாக ஊற்றிய பால் தேத்தண்ணி நிறம். யப்பானில் யாரோ ஓடிக் களைத்து விற்றது. கொழும்பில் இரண்டு கை மாறி, தொண்ணூறுகளின் கடைசியில் திருகோணமலைக்கு வந்து, எங்கள் வேப்பமரத்தின் கீழ் ஓய்வு பெற்றது. அப்பாவின் பணமும் அம்மாவின் தம்பியான மாமாவின் வாயும் சேர்ந்து வாங்கிய கார். ஓட்டுவதும் கழுவுவதும் அதைப் பற்றிப் புளுகுவதும் மாமாவின் பொறுப்பு.

ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டின் பெருமை காரல்ல, அக்கா. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஒழுங்கையின் வீடுகளில் அதற்கு முன் ஒரு ஆம்பிளைப் பிள்ளைக்குக்கூடக் கிடைக்காத இடம். நான் ஆறாம் வகுப்பு. கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவருக்கும் சொன்னேன். பேக்கரியிலிருந்து பாண் கொண்டு வருகிறவருக்கு இரண்டு தரம் சொன்னதாக ஞாபகம்.

அம்மா மட்டும் ஆரம்பத்தில் ஒருதரம் மறுத்துப் பேசினார். ஹபரணைக் காட்டுப் பாதையால் ஒரு பெட்டைப்பிள்ளையை அனுப்புவதா, தெரியாத ஊரில் நாட்டு நிலைமை குழம்பினால் அவள் யாரிடம் போவாள் என்று கேட்டார். "இஞ்ச இருந்தால் மட்டும் என்ன பாதுகாப்பு?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அதன்பிறகு அம்மா அந்தக் கதையை எடுக்கவில்லை. சம்மதித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

விசயதசமிக்கு மாமா காரின் பொனற்றைத் திறந்து எஞ்சினையே குளிப்பாட்டினார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து பொட்டு வைத்தார். தேங்காய் உடைத்து, அவலும் கடலையும் தின்று முடித்தோம். மறுநாள் மாமா காரை எடுத்தபோது, டாஷ்போர்ட்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் வெளிச்சம் ஒன்று எரிந்தது, அணையவில்லை. ஊருக்குள் இருக்கிற உவர்மலை ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது. ஒரு கிழவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களை முந்திப் போனார். மாமா அவரைப் பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும். "இதுக்கேன் தலையை உடைக்கிறியள் அத்தான்? அந்தப் பல்பைக் கழட்டிவிட்டால் சரி" என்றார்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்கு விளக்கால் சமிக்ஞை காட்டுகிற வேலையில் இருந்தவர். வாழ்நாள் முழுக்க வெளிச்சங்களை நம்பியே சம்பளம் எடுத்த மனிதரிடம் போய்ப் பல்பைக் கழற்றுவோம் என்றால் என்ன நடக்கும்? அவருக்கு வந்த கோபத்தில் மாமா இரண்டடி பின்னால் போனார். "காட்டுக்க கார் நிண்டால் பல்பே வந்து தள்ளும்? இந்த வெளிச்சம் அணையாமல் பிள்ளையை நான் இதில ஏத்தமாட்டன்" என்றார் அப்பா.

பஸ் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. அதை நம்ப ஏலாது. திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் அக்கா நேரில் போய்ப் பதியாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அன்று சனிக்கிழமை. அக்கா கட்டி முடித்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கிண்ணியாவில் மாமாவுக்குத் தெரிந்த கராஜ்கார முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. யப்பான் எஞ்சின் என்றால் அவர்தான். ஆனால் பாதை, அதாவது எங்களைக் கடல் கடத்துகிற மிதவை, அன்று வாகனம் ஏற்றவில்லை, ஆட்களை மட்டும் ஏற்றியது. மாமா காரை விட்டுவிட்டு வாயை மட்டும் கொண்டு போனார். போய், கார் எப்படி மூச்சு வாங்கியது என்று நடித்தே காட்டியிருப்பார். பின்னேரம் நானா சொன்னதைப் பாடமாக்கிக்கொண்டு திரும்பினார்.

பொனற்றுக்குள் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் இன்ன இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்துவிட்டு, ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் மஞ்சள் வெளிச்சம் மின்னி மின்னித் தன் வருத்தத்தைச் சொல்லும். ஐந்து தரம் மின்னி, நின்று, இரண்டு தரம் மின்னினால் எஞ்சினுக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம். சென்சர் ஒன்றைத்தான் நானா காது என்றாராம். எஞ்சினுக்குள் பெற்றோல் தப்பான நேரத்தில் வெடித்தால் டொக்கென்று அடி விழும். அதைக் கேட்டுச் சொல்வது அந்தக் காதின் வேலை. அதனிடமிருந்து செய்தி வராவிட்டால் கார் பயந்துபோய்த் தன்னையே அடக்கிக்கொண்டு ஓடும்.

"கம்பி எங்க மாமா?" என்று அக்கா கேட்டாள்.

நானா ஒரு துண்டு வயர் கொடுத்துத்தான் விட்டாராம். ஆமி செக் பொயின்ற்றைக் கண்டதும் மாமா அதைக் கடலில் போட்டுவிட்டார். சட்டைப் பையில் வயரோடு பிடிபட்டவன் அது குண்டுக்கு அல்ல, காருக்கு என்று சொன்னால் அந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? வீட்டிலும் வயர்த்துண்டு இல்லை. ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடும்போது விளக்கம் சொல்லப் பயந்து அப்பா எல்லாவற்றையும் எப்போதோ எறிந்துவிட்டார்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, உங்கட கொண்டை ஊசியைத் தாங்கோ."

அம்மா அடுப்புப் புகை வந்த குசினி வாசலில் நின்றார். உடனே தரவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசியில் இவ்வளவு ஆசையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் ஊசியை உருவினார். கொண்டை அவிழ்ந்து முதுகு நிறைய விழுந்தது. அப்படியே வந்து ஊசியை அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா ஊசியை வளைத்துத் துளைகளில் செருகினாள். அப்பா சாரதி ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கப்பல் தலைவனிடமிருந்து செய்தி வருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐஞ்சு... நிண்டிட்டுது... ரெண்டு" என்று சத்தமாக வாசித்தார். மூன்று தரம் வாசித்து உறுதிப்படுத்திய பிறகுதான் இறங்கினார்.

காது இருந்த இடம் எஞ்சினின் பின்பக்கத்து இடுக்கு. மாமாவின் கை முழங்கையோடு இறுகி நின்றுவிட்டது. அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள் வரைக்கும் உள்ளே விட்டாள். முகம் பொனற்றின் கீழ், கால்கள் நிலத்தைத் தொட்டும் தொடாமலும். பார்க்காமலே தடவித் தடவிப் பிளக்கைக் கண்டுபிடித்து, அதன் கொக்கியை நகத்தால் அமத்திக் கழற்றி, வயரோடு வெளியே இழுத்துக் காட்டினாள். உள்ளே காய்ந்துபோன சந்தனம். வழிய வழிய அடைத்திருந்தது.

மாமா அம்மாவைக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ர அக்கா எஞ்சினுக்குக் காதுகுத்துக் கலியாணமும் செய்திட்டா!" அப்பாவும் சிரித்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "ஓம், நான்தான் வைச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

என் பல் தூரிகையைப் பறித்து, மாமாவின் சவரப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டில் தோய்த்து, அக்கா சந்தனத்தைச் சுரண்டிக் கழுவினாள். சாய்ந்த வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினாள். கார் பழைய வருத்தத்தை மறக்கவேண்டும் என்பதற்காக, நானா சொன்னபடி ஒரு பியூஸைக் கழற்றிச் சற்றுநேரம் கழித்துப் போட்டாள். மாமா ஸ்ரார்ட் பண்ணினார். மஞ்சள் வெளிச்சம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது.

உவர்மலை ஏற்றத்துக்கு எல்லோரும் போனோம். கார் ஏறியது பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம்! நான் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தெருவில் நின்றாள். "எங்கட அக்காதான் திருத்தினவ!" என்று கத்தினேன். கிரீஸ் பூசிய கன்னத்தோடு அக்கா என் வாயைப் பொத்தினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்துக்கு நான் பிறகு எங்கும் ஏறியதில்லை.

ஞாயிறு விடிய அக்காவும் அப்பாவும் மாமாவும் புறப்பட்டார்கள். அம்மா அக்காவின் நெற்றியில் சந்தனம் வைத்தார். கண் கலங்கியதில் பொட்டு கோணலாகிவிட்டது. காரைத் திருத்திய மகளை நினைத்துப் பூரித்துப்போய் அழுகிறார் என்று எண்ணி, நானும் பெருமையாகக் கூட நின்றேன்.

அக்கா பிறகு பெரிய பாலங்களெல்லாம் கட்டினாள். நான் பாலம் கட்டவில்லை, ஒரு பழைய கார் மட்டும் வாங்கினேன். போன வருடம் அதன் பிளக் ஒன்றைக் கழற்றப் போய், கையை உள்ளே விட்டுத் தடவி, கொக்கியை அமத்தத் தெரியாமல் நகம் உடைந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பொட்டு வைக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பார்கள். இவ்வளவு ஆழத்தில் கையை விட்டு, கொக்கியைக் கழற்றி, உள்ளே அடைத்து, திரும்பப் பூட்டிவிட்டு வருகிறவர்கள் பொட்டு வைப்பவர்கள் அல்ல. நாங்கள் அவலும் கடலையும் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அம்மா எங்கே இருந்தார் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

நகம் உடைந்த அன்று பின்னேரமே அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. அத்தனை வயரில் கைக்கு எட்டிய ஒன்றைப் பிடித்தாராம். கார் வாசலைவிட்டே போகாது என்று நினைத்தாராம்.

"அப்ப ஏனம்மா ஊசியைக் குடுத்தனீங்கள்? இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

அம்மா நரைத்த கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை படிக்கப் போறதுக்கெல்லே கேட்டவள்" என்றார். "கேட்டாப் பிறகு எப்பிடி இல்லையெண்டுறது?"