கையில் பாவு இருந்தபோது

ஐயம்பேட்டையில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் உரசிக்கொண்டன. ஓட்டுநர்கள் போட்ட சத்தத்தில் எங்கள் பழைய தெரு நினைவுக்கு வந்தது.

அங்கே எதற்கெடுத்தாலும் அடிதடிதான். ஒருநாள் அப்பாவும் பக்கத்து வீட்டு முனுசாமியும் தறிக்கான பட்டுப் பாவு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடித்திருந்தபோது வாய்ச்சண்டை முற்றியது. கையை விட்டால் இழையெல்லாம் சிக்கிவிடும்.

"பாவு முடியட்டும், உன் பல்லைப் பேத்துடுறேன்!" என்றார் அப்பா.

"இழுத்துப் புடிச்சுக்கினு பேசுபா, தொய்யுது!" என்றார் முனுசாமி.

பாவைச் சுருட்டி முடித்ததும் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"எதுக்குடா சண்டை போட்டோம்?" என்றார் அப்பா.

"டீ குடிச்சா ஞாபகம் வரும், வாபா."

இப்போது அடிதடி குறைந்ததற்குத் தெருக் கேமராதான் காரணம் என்கிறார்கள். கோபத்துக்குக் குறுக்கே ஒரு வேலை வந்தாலே போதும் என்று அங்கே நின்றவர்களிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் ஆட்டோவிலிருந்த பெண், "ஆபீஸ் லேட்டாகுது, வண்டிய எடுங்கண்ணா!" என்றாள்.

இருவருமே எடுத்தார்கள்.