நோக்கம்: பேசுவதற்கு

துபாயின் கராமாவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை பார்க்கும் சீதாலட்சுமி, எட்டு மாதமாக வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டு அல்ல. சிட்டிசன்ஸ் பேண்ட் என்ற பொது அலைவரிசையில் மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை. ஷார்ஜாவில் இருக்கும் தோழி ஹாலிதா தினமும் அதில் வருவார். சீதாலட்சுமியால் பதில் சொல்லத்தான் முடியாது. அவருடைய கருவி சிங்கிள் சைடுபேண்ட் வகை. குரலைச் சுமக்கும் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவது, தூரமாகப் போகும். அதில் பேச, கைவசம் இருந்த உரிமம் போதாது, தனி அனுமதி வேண்டும் என்றது உரிமம் தரும் அலுவலகம். அதனால் மைக்கைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டார்.

"யாரு வந்து பார்க்கப் போறா? ஒரு ஹலோ சொல்லேன்," என்பார் கணவர் பாலகுரு.

"நீங்க மட்டும் ரெட் சிக்னல்ல நிக்கிறீங்களே?"

"அங்க கேமரா இருக்கு."

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்திருந்தது. நோக்கம் என்ற கட்டத்தில் 'பேசுவதற்கு' என்று எழுதியிருந்தார். நோக்கம் தெளிவாக இல்லை, மறுபடியும் நிராகரித்தால் கருவியை நாட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்றது கடிதம்.

அரசு விண்ணப்பங்களை அடித்துத் தரும் டைப்பிங் சென்டர் ஹஸ்னைன் தலையில் அடித்துக்கொண்டார். கராமாவில் இருபது வருடம் இருந்து தமிழ் பேசப் பழகிய லாகூர்க்காரர். "மேடம், பாலைவன டிரைவ்ல வண்டிக்கு வண்டி பேசன்னு எழுது. எல்லாரும் அதான் எழுதுது. கலாஸ், வேலை முடிஞ்சுது!"

"கார்ல ஏறினாலே எனக்கு வாந்தி வரும் பாய்."

"அப்போ என்ன?"

"தோழியோட பேச. வேற வேலை இல்லை. அப்படியே அடிங்க."

இதை நேர்மை என்று புகழத் தயக்கமாக இருக்கிறது. பிடிவாதம் என்றால் பொருந்தும். ஆனால் பேச்சுக்குப் பேச்சைத் தவிர வேறு நோக்கம் எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான்.

பத்தாம் நாள் உரிம அலுவலகத்திலிருந்து இன்ஷா என்ற அதிகாரி போனில் அழைத்தார். "தோழியுடன் போனில் பேசலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சீதாலட்சுமி யோசித்தார். "போனில் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். இதில் யாரும் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளலாம்."

மறுமுனையில் சிரிப்பு. "அதை எழுதி அனுப்புங்கள்."

அந்த வாரமே அனுமதி வந்தது.

"ஹாலிதா, நான்தான்!"

"யாரு? வாத்து கத்துற மாதிரி இருக்கு!"

அலைவரிசை சற்றுப் பிசகினாலும் இந்த முறையில் குரல் அப்படித்தான் ஒலிக்கும். சீதாலட்சுமி குமிழை மெல்லத் திருப்பினார்.

"அடிப்பாவி, சீதா! அனுமதி கிடைச்சிடுச்சா?"

"எட்டு மாசமா நீ சொன்னதுக்கெல்லாம் பதில் சேர்த்து வச்சிருக்கேன். முதல்ல அந்த மீன் குழம்புச் சண்டை. உன் நாத்தனார் சொன்னதுதான் சரி."

"நானும் அன்னைக்கே சொன்னேங்க, அவங்க கேக்கல," என்று நடுவில் புகுந்தது, முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல்.