மெர்சியிடம் சொல்லாத இரண்டு நாள்

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். காணிப்பாக்கம் சாலை பிரியும் இடத்தைத் தாண்டியதும், மாம்பழக் கூழ் பேக்டரி வாசலில் காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. பஸ் ஜன்னல் வழியாக அந்தப் புளித்த வாசனை முகத்தில் அடித்தது. உடனே மெர்சி ஞாபகம். கூடவே, உங்களிடம் ஒளிப்பானேன், வயிற்றில் அந்தப் பழைய எரிச்சலும்.

பதினைந்து வருஷத்துக்கு முன் சித்தூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். வளரிளம் பெண்களுக்கான ஆலோசகர்கள். ஒரே அறை, ஒரே மேசை. நான் திருப்பதியில் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவள். மெர்சி சித்தூர் மிஷன் காம்பவுண்டுப் பெண். இரண்டு பேப்பரில் அரியர் வைத்து எழுதித் தேறியவள். அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். நானாக இருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் பவானி வந்தாள். பதினாறு வயசு. நகரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒன்பதாவதோடு நிறுத்தி, கூழ் பேக்டரியில் காய் நறுக்க அனுப்பியிருந்தார்கள். "யாராண்டயும் பேசமாட்டேங்குது, சோறும் துன்னமாட்டேங்குது" என்று அம்மாக்காரி என் முன் உட்கார வைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் நான் புத்தகத்தில் படித்த கேள்விகளை எல்லாம் கேட்டேன். அவள் மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என் நோட்டில் அழகான கையெழுத்தில் 'மௌனம்' என்று மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

நாலாவது வாரம் எனக்குக் கலெக்டர் ஆபீசில் ஒரு மீட்டிங். திரும்பி வந்தால் அறைக்குள் சிரிப்பு. மெர்சி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மாங்காய்த் துண்டை, "இந்தா, மொளகாப்பொடி தொட்டுத் துன்னு" என்று பவானியிடம் நீட்டியிருக்கிறாள்.

"நாள் பூரா இதத்தான் அறுத்துக்கினு இருக்கேன்க்கா. பாத்தாலே கொமட்டுது!"

அதுதான் அவள் பேசிய முதல் வாக்கியம். மெர்சி நெற்றியில் அடித்துக்கொள்ள, இருவரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. மாமனுக்கே கட்டிவைக்கப் போகிறார்கள், எனக்குப் படிக்கணும், நைனாவிடம் பேச பயம். என் மூன்று வார முயற்சியால் வராத பேச்சு, மெர்சி தெரியாமல் செய்த தப்பால் வந்தது. வாசலிலேயே நின்று கேட்டேன். காதெல்லாம் சுட்டது.

ஒரு வியாழக்கிழமை பவானி ஓடிவந்தாள். மெர்சி ராமகுப்பத்தில் முகாமுக்குப் போயிருந்தாள்.

"மெர்சி அக்கா இல்லியா?"

"இல்ல. என்னாண்ட சொல்லேன்."

தயங்கினாள். "பரவால்லக்கா. அவங்க வந்தா நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்க."

மெர்சியின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்போதும் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல முடியாததை அவளிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம்புங்கள், அவ்வளவுதான் காரணம்.

சனிக்கிழமை காலையில் பவானியோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். "பவானிய நாயுடுபேட்டைக்கு இட்டுக்கினு போய்ட்டாங்கக்கா. நாளைக்குக் கல்யாணம்."

எதிரில் இருந்த மெர்சி பக்கம் திரும்பினேன். "வியாழக்கிழமை வந்தா, மெர்சி. நான் சொல்லல" என்றேன். மெர்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். "கெளம்பு" என்றாள்.

குழந்தைகள் நல அதிகாரியையும் ஒரு பெண் போலீசையும் அழைத்துக்கொண்டு நாங்கள் நாயுடுபேட்டை போய்ச் சேர்ந்தபோது, பவானி முகத்தில் நலங்கு மஞ்சள். அவள் நைனா தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். கல்யாணம் நின்றது. மெர்சியைக் கட்டிக்கொண்டு அழுத பவானி, பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க மறக்காம சொல்லிட்டீங்க இல்ல? நான் பயந்துக்கினே இருந்தேன்."

நான் வாய் திறப்பதற்குள் மெர்சி சொன்னாள்: "ஆமாம்மா. அவங்க சொல்லித்தான் வந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெருந்தன்மைமேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஜீப்பில் திரும்பும் வழியெல்லாம் அவள் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பவானி பத்தாவது முடித்து, நர்சிங் படித்து, திருப்பதியிலேயே வேலையில் இருக்கிறாள். எனக்கும் பதவி வந்தது. பெயர்ப்பலகை, ஏசி அறை, எனக்குக் கீழே எட்டு பேர். மெர்சி கடைசிவரை ஆலோசகராகவே இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் சர்ச்சுக்குள் இடமில்லை. இடுப்பில் பிள்ளையோடு வெயிலில் நின்று அழுத பெண்களில் பவானியும் இருந்தாள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அந்த நேரத்திலும் என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அந்த ஆபீஸ் இருந்த தெருவுக்கும் போனேன். கட்டிடத்தை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். நான் மறைத்த அந்த இரண்டு நாளை அறிந்திருந்த ஒரே ஆளும் இல்லை. பவானி இன்றைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன்.