நான் சொல்லிக்கொடுத்த பொறுமை

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் கர்னல். அவர் பட்டாலியன் சிப்பாய்களின் மனைவிமாருக்கு மாதாமாதம் கூட்டம் போட்டுப் புத்தி சொல்வது என் வேலை. "ஊர்ல நிலத்தகராறு வந்தா சண்டைக்குப் போகாதீங்க. மனு குடுத்துட்டுப் பொறுமையா இருங்க" என்பேன்.

அவர் எல்லையில் இருந்தபோது, அவருடைய ஊரான சிங்கவரத்தில் எங்கள் நிலத்து வரப்பை அவருடைய பங்காளி வெட்டிச் சாய்த்தான். தடுத்தேன். "பொம்பள, நீ இன்னா கிழிச்சிடுவே?" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவன் மண்வெட்டியையே பிடுங்கி அவன் மண்டையில் போட்டேன். ரத்தம் கொட்டியது. சுருண்டு விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து நிலத்தில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பார்த்தால், செல்வி! எங்கள் பட்டாலியனில் இருந்த சிப்பாயின் மனைவி. என் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருவாள்.

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிப்போன பிறகு கேட்டேன். "இங்க பக்கத்துல, தொண்டூர்ல உங்களுக்குச் சொந்த நெலம் இருந்துதே, செல்வி?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வளைச்சப்போ, நீங்க சொன்ன மாரியே மனு குடுத்துட்டுப் பொறுமையா இருந்தேன், மேடம். போயிடுச்சு."

பங்காளி பிழைத்துக்கொண்டான். அவனை அடித்ததற்குக் கேஸ் நடக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொண்டேன். செல்விக்கு நான் செய்ததை எழுதிக்கொள்ள எந்த ஸ்டேஷனும் இல்லை.