மூன்று சோடிக் காலுறை

நேற்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு பொதி வந்தது. அனுப்பியவன் என் மகன். ஒரு சோடிக் காலுறைக்கு ஏன் இத்தனை பெரிய பெட்டி என்று திறந்து பார்த்தால், கூடவே பற்றரிகள், வயர், உலகத்து மொழிகளில் தமிழைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எழுதிய ஒரு கையேடு. சூடாகும் காலுறையாம். சைக்கிளில் போகும்போது கால் குளிராதாம்.

"அம்மா, முதல் சார்ஜ் பண்ணுங்கோ. பிறகு ஃபோனிலை அப் ஒண்டு இறக்குங்கோ. அதாலைதான் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம்."

"மேசுக்கு ஏனடா ஃபோன்?"

"அது அப்பிடித்தான் அம்மா. புளூடூத்."

நாங்கள் காலுறையை மேஸ் என்றுதான் சொல்லுவோம். அந்த மேஸ், ஃபோனோடு பேசுவதற்குமுன் தனக்கு ஒரு அப்டேட் வேண்டும் என்று கேட்டது. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கால் விரல்கள் விறைத்துப்போக, குசினி மேசையில் என் காலுறைக்குப் புத்தி வரும்வரை காத்திருந்தேன். வரவில்லை. அறுபதை நெருங்கும் அம்மா இன்னும் சைக்கிளில் வேலைக்குப் போகிறாளே என்று பிள்ளைகளுக்குக் கவலை. கவலைப்படட்டும். அந்தக் கவலையைக் கொண்டுவந்து என் காலில் மாட்டாமல் இருந்தால் நல்லது.

ஆனால் பெட்டியிலிருந்து ஒரு மணம் வந்தது பாருங்கள். சூடேறிய பிளாஸ்ரிக்கும் புது ரப்பரும் கலந்த மணம். அது என்னை இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடம், இங்கே பீலெஃபெல்ட்டில் நான் முதன்முதலில் வேலை செய்த சலவைக்கூடத்தின் உடுப்பு மாற்றும் அறை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் பெரிய சலவைக்கூடம் அது. அந்த அறையின் ஹீட்டர்மேல் விடியற்காலையில் இரண்டு வகைச் சாமான்கள் காயும். ஒன்று ஈரக் காலுறைகள். மற்றது பிளாஸ்ரிக் சொப்பிங் பைகள். பைகள் எங்களுடையவை. எனக்கும் தெரேசா அக்காவுக்கும் சொந்தமானவை. அவற்றை நாங்கள் காலில் போட்டிருந்தோம்.

தெரேசா அக்கா மன்னாரிலிருந்து வந்தவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். ஒரே மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். நிரந்தர வேலை கிடைத்தால்தான் மகளைக் கூப்பிடலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சலவைக்கூடத்திலோ எங்கள் இருவருக்கும் தற்காலிக வேலை. வசந்தம் வரைக்கும் ஒழுங்காக வந்தால் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். ஆகவே அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, பனி கொட்டக்கூடாது, ஒரு நாளும் பிந்தக்கூடாது.

முதல் பஸ் வரும் நேரத்தில் எங்கள் வேலை தொடங்கிவிடும். நாங்கள் இருந்தது நகரத்தின் ஓர் ஓரத்தில், சலவைக்கூடம் மறு ஓரத்தில். நடுவிலே காடு மூடிய மலை. வீதியோரம் யாரோ வேண்டாமென்று போட்ட சைக்கிள்களை என் மனுசன் எடுத்துத் திருத்தித் தந்திருந்தார். நல்ல சைக்கிள்கள்தான். அவற்றோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் எல்லாம் கால்மேல். நீங்கள் குளிரில் நடந்திருப்பீர்கள். நடக்கும்போது பாதம் மடியும், நிமிரும், ஏதோ கொஞ்சம் இரத்தம் ஓடும். சைக்கிளில் தொடை வேலை செய்யும், முதுகு வியர்க்கும், பாதம் மட்டும் பெடலின்மேல் செத்த மீன்போலக் கிடக்கும். எதிர்க்காற்று நேராகப் பெருவிரலைத் தேடி வந்து அடிக்கும். பாதி வழியில் விரல்கள் நோகும். முக்கால் வழியில் நோவு நின்றுவிடும். நின்றதும் நிம்மதி என்று நினைப்பீர்கள். அதுதான் கேடு. சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் நீராவிச் சூடு. அந்தச் சூட்டில் விரல்களுக்கு உயிர் திரும்பும்போது வரும் வலி இருக்கிறதே, பிள்ளை பெற்ற நான் சொல்கிறேன், அதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. பிறகு நாள் முழுக்கச் சொறி. சிவந்து வீங்கிய விரல்களை மேசைக் காலில் தேய்த்துக்கொண்டே விரிப்புகளை மடிப்போம்.

எல்லோரிடமும் இதற்கு ஒரு வழி இருந்தது. என் மனுசன் சொன்னார்:

"வேகமா உழக்கும். உழக்க உழக்கச் சூடு வரும்."

அவர் மத்தியானம் பஸ்ஸில் ஏறி உணவகத்து வேலைக்குப் போகிறவர். அவருக்குக் கால் குளிர்வது தட்டுக் கழுவும் தண்ணீர் சிந்தினால் மட்டும்தான்.

தெரேசா அக்காவின் வழி அடுக்குவது. ஒரு மேஸ், அதன்மேல் சொப்பிங் பை, அதன்மேல் இன்னொரு மேஸ், பழைய பேப்பர், மூன்றாவது மேஸ். எல்லாவற்றையும் சேர்த்துச் சப்பாத்துக்குள் திணிக்க வேண்டும். என் சப்பாத்து தேவாலயத்தில் இலவசமாக உடுப்புக் கொடுக்கும் இடத்தில் எடுத்தது. உள்ளே ஆட்டு ரோமம் வைத்த அழகான சப்பாத்து. என் காலுக்கு ஓரளவு சின்னது. ரோமத்தைப் பார்த்த கண் அளவைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஏலாது. இறுக்குது."

"இறுக்கினால்தான் பிள்ளை குளிர் உள்ளுக்கு வராது. போடப் போட இளகும்."

இளகவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அவரோடு சண்டை பிடித்தேன், ஒவ்வொரு நாளும் அவர் சொன்னதையே செய்தேன். அவருடைய குரல் அப்படி. நாம் யோசித்து முடிக்கமுன் அவர் நம் காலை மடியில் தூக்கி வைத்துச் சப்பாத்து நூலைக் கட்டி முடித்திருப்பார்.

அடுத்தது மிளகாய். எங்களோடு வேலை செய்த போலந்துப் பெண் ஒருத்தி, காலுறைக்குள் மிளகாய்த்தூள் தூவினால் கால் சூடாகும் என்று சொல்லிவிட்டாள். தெரேசா அக்காவின் வீட்டில் தனி மிளகாய்த்தூள் ஏது? மிளகாயோடு மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மஞ்சள் எல்லாம் போட்டு வறுத்து இடித்த கறித்தூள்தான் இருந்தது. எங்கள் இருவரின் மேசுக்குள்ளும் தாராளமாகத் தூவினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறியதும் கால் வியர்த்தது. வியர்வையில் தூள் கரைந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்க விரும்பவில்லை. குளிர்ந்தது, எரிந்தது, இரண்டும் ஒன்றாக. உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றியபோது நண்டுக் கறி அடுப்பிலிருந்து இறக்கியதுபோல ஒரு மணம். எங்கள் மேற்பார்வையாளர், கண்டிப்பான ஜேர்மன் பெண், கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சினார்.

"இங்கே யார் சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

தெரேசா அக்கா மஞ்சளாகியிருந்த பாதங்களைத் தான் இருந்த வாங்கின் கீழே இழுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜேர்மனில், மிகவும் மரியாதையாக, "இன்னும் இல்லை" என்றார்.

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று நான் சிரிக்கவில்லை. எரிச்சலில் அழுதேன். நாடு விட்டு, வீடு விட்டு வந்தாயிற்று. எத்தனையோ பெரிய கவலைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யோசிக்கக்கூட விடாமல் இரண்டு பெருவிரல்கள் என் நாளை எடுத்துக்கொள்கின்றனவே என்று அழுதேன்.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. முதல்நாள் மழை பெய்து இரவில் உறைந்திருந்தது. மலை இறங்கி, ரயில் பாதைக்குமுன் வரும் வளைவில் நான் மெதுவாகத் திரும்பினேன். பின்னால் ஒரு சத்தம். தெரேசா அக்காவின் சப்பாத்துக்கு மேலே சொப்பிங் பையின் பிடி எப்போதும் முயல் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும். அது சங்கிலியில் மாட்டிக் காலை உள்ளே இழுத்துவிட்டது. சைக்கிளும் அவருமாகப் பனிக்கட்டியில் விழுந்து கிடந்தார்.

நான் குதித்து இறங்கினேன். இறங்கினேன் என்று நினைத்தேன். என் பாதம் நிலத்தில் பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மரக்கட்டைமேல் நிற்பதுபோல இரண்டடி வைத்து நானும் விழுந்தேன். முழங்காலால் தவழ்ந்து அவரிடம் போனேன்.

"பிள்ளை, கால் முறிஞ்சு போச்சு. எனக்குத் தெரியுது."

"அசையாதேங்கோ அக்கா."

"வேலைக்கு நேரம் போகுது. நீ போ. ரெண்டு பேரும் பிந்தினால் ரெண்டு பேரையும் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"விசர்க்கதை கதையாதேங்கோ!"

"என்ரை பிள்ளை வாறதெண்டால் எனக்கு இந்த வேலை வேணுமடி" என்றார். அப்போதுதான் அவர் அழுது நான் முதன்முதலாகப் பார்த்தேன். மகளைப் பற்றி அதற்குமுன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், கண் கலங்கியதே இல்லை.

கைத்தொலைபேசி இல்லாத காலம். பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஒன்று வர, நான் வீதி நடுவில் முழங்காலில் நின்று கையைக் காட்டினேன். அந்த ஓட்டுநர் எங்களைப் பாண் கூடைகளுக்கு நடுவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு தாதி தெரேசா அக்காவின் சப்பாத்தை வெட்டித் திறந்தார். மேஸ் வந்தது. அதை வெட்ட, பேப்பர் வந்தது. பிறகு மேஸ். பிறகு பை. தாதி நிமிர்ந்து வைத்தியரைப் பார்த்தார். இளம் வைத்தியர் குனிந்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். தெரேசா அக்கா அந்த வலியிலும் எனக்கு மட்டும் கேட்க, "கறித்தூள் இண்டைக்குப் போடேல்லை, நல்ல காலம்" என்றார்.

கணுக்கால் முறிந்திருந்தது. கட்டுப்போட்டு முடித்ததும் வைத்தியர் என் பக்கம் திரும்பி, நீ ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டு என் சப்பாத்தையும் கழற்றச் சொன்னார். வெளிறி நீலம் பாய்ந்த விரல்களை அழுத்திப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"சப்பாத்து சின்னது" என்றார். "இதற்குள் மூன்று காலுறை போட்டால் இரத்தம் எப்படி ஓடும்? பெரிய சப்பாத்து வாங்கு. ஒரே ஒரு கம்பளிக் காலுறை போடு. விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும்."

அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் அடுக்கினோம், திணித்தோம், தூவினோம், அழுதோம். என் கால் கேட்டுக்கொண்டிருந்ததோ கொஞ்சம் இடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரோமச் சப்பாத்தை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டேன். எறிந்த பிறகுதான் வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசித்தேன்.

மறுநாள் பயந்து பயந்து மேற்பார்வையாளரிடம் போனேன். தெரேசா அக்காவை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்ல ஜேர்மன் வசனங்களை வழி நெடுகப் பாடமாக்கியிருந்தேன். முதல் வசனத்திலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலைக்கு வரும் வழியில் விழுந்தால் வேலையில் விழுந்த மாதிரித்தான். யாரும் அவளை அனுப்ப மாட்டார்கள். நிற்க முடியாவிட்டால் இருந்து மடிக்கட்டும்."

நான் பாடமாக்கிய மற்ற வசனங்கள் அப்படியே வாய்க்குள் கிடந்தன. சில கிழமைகளில் தெரேசா அக்கா கட்டுப்போட்ட காலை ஒரு கவிழ்த்த கூடையின்மேல் நீட்டிக்கொண்டு துவாய் மடித்தார். இருந்த இடத்திலிருந்து எல்லோருக்கும் புத்தி சொன்னார். வசந்தத்தில் இருவருக்கும் வேலை நிரந்தரமானது.

மகள் அடுத்த மார்கழியில் வந்தாள். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். மெலிந்த பெண், கையில் ஒரு சின்னப் பை, காலில் ரப்பர்ச் செருப்பு. தாயும் மகளும் கட்டிப்பிடித்து நின்றதை நான் எழுதப்போவதில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அழுது முடித்ததும் தெரேசா அக்கா செய்த முதல் வேலை, மகளைக் கதிரையில் இருத்தி, காலை மடியில் தூக்கி வைத்து, தன் பையிலிருந்து மேஸ் எடுத்தது. ஒன்று. அதன்மேல் இன்னொன்று. மூன்றாவதை எடுக்க நான் கையைப் பிடித்தேன்.

"அக்கா, டொக்டர் என்ன சொன்னவர்?"

"அவர் உனக்குத்தானே சொன்னவர்" என்றார்.

இப்போது சலவைக்கூடம் இல்லை. அங்கே வீட்டுத்தொகுதி கட்டிவிட்டார்கள். ரயில் பாதைக்குமுன் இருந்த வளைவை நிமிர்த்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள். மாசியிலும் மழைதான் பெய்கிறது, அந்த மாதிரி உறைவது அபூர்வம். இளம் பெண்கள் மோட்டார் வைத்த சைக்கிளில் உழக்காமலே மலை ஏறுகிறார்கள். தெரேசா அக்கா மகளோடு லண்டன் போய் நெடுங்காலமாகிவிட்டது. கணுக்கால் முறிந்த பிறகு அவர் சைக்கிள் ஏறவே இல்லை.

நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அந்த நாட்களில் அவர் விடிய முன் எங்கள் வாசலுக்கு வந்து, அழைப்புமணியை விட்டுவிட்டுச் சைக்கிள் மணியை அடிப்பார். மேல்மாடிக் கிழவர் யன்னலைத் திறந்து, "இது மனிதர் தூங்கும் நேரம்!" என்று கத்துவார். தெரேசா அக்கா அண்ணாந்து, "கூட்டன் மோர்கன்!" என்று ஜேர்மனில் பாட்டுப்போலக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, குரலை இறக்கித் தமிழில் அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டுவார். நான் படியில் இருந்தபடியே, "அக்கா, மெல்ல!" என்று கத்துவேன். அதற்கும் சேர்த்துக் கிழவர் ஏசுவார். கிழவர் செத்துப்போய்விட்டார். அந்த யன்னலில் இப்போது யாரோ திரை போட்டிருக்கிறார்கள். இன்று காலையும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீதியில் இப்போது விடிய முன் யாரும் யாரையும் ஏசுவதில்லை.