மாரி எழுதிய மூன்று வரி

காலை எட்டேகால். விருதுநகர் பேருந்து நிலையத்தில் சிவகாசி வண்டி ஏறினேன். திருத்தங்கலுக்கு இருபது ரூபாய் டிக்கெட். ஆமத்தூர் வருவதற்குள் கண்டக்டர், "வெடி வாங்கவா சார்?" என்றார். "இங்கிலீஷ் திருத்த" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஒன்பதரை. திருத்தங்கலில் என் சித்தி மகள் ஜெபாவின் வீடு. அவள் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியை. "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் ஒரு தாளை நீட்டினாள். பக்கத்தில் நின்ற பழைய மாணவி மாரியின் வேலை விண்ணப்பம். மாரிக்கு இருபது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் அம்மா, எம். புதுப்பட்டி என்ற ஊரில் பட்டாசு ஆலைத் தொழிலாளி. தீப்பிடித்து 'ஓடு' என்று கத்தினால் கேட்காதே என்று அங்கே இவளைச் சேர்க்கவில்லை. இங்கே பட்டாசு லேபிள் அச்சகம் ஒன்றில் இடம் இருந்தது. அச்சான தாளைப் பார்த்து, பிழையை ஆங்கிலத்தில் குறித்துத் தர வேண்டும். இதுவும் போனால் வேறு வழியில்லை.

அவள் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி: "உங்கள் அச்சகம். வேலை வேண்டும். கண் நல்லது. அம்மா களைப்பு. வருவது எப்போது?"

"சைகை மொழியில முதல்ல இடம், பொறவு ஆளு, கேள்வி கடைசியிலதான். கைப்பழக்கம் அப்படியே பேனாவுக்கு வந்துருதுண்ணே" என்றாள் ஜெபா.

முப்பது வருட ஆங்கில வாத்தியார் சும்மா இருப்பேனா? சிவப்புப் பேனாவை எடுத்து முழுவதையும் மாற்றி எழுதினேன். மாரி படித்துவிட்டு விரலை அசைத்தாள். "இந்தத் தாள்ல இருக்குறது யாருன்னு கேக்கா" என்றாள் ஜெபா. பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அட, என் பெருமை!

பதினொன்றரை. மூவரும் அச்சகத்தில். மேனேஜர் மாரியின் கையெழுத்தில் இருந்த என் ஆங்கிலத்தைப் படித்தார். "இம்புட்டு இங்கிலீஷ் எனக்கே வராது. எனக்கு முன்னால எழுதச் சொல்லுங்க" என்று, அப்போதுதான் அச்சாகி வந்த லேபிள் தாள் ஒன்றைக் கொடுத்தார். மாரி குனிந்து பார்த்தாள். தன் ஆங்கிலத்தில் எழுதினாள்:

"புலிப் படம். மூன்றாம் வரிசை, இடது. சிவப்பு, கண்ணுக்கு வெளியே."

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே ஆளா?" "முதல் தாள் நான் எழுதிக் கொடுத்து அவள் பார்த்து எழுதியது. தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளையுடையது இல்லை" என்றேன்.

அவர் லேபிள் தாளின் மூன்றாம் வரிசையில் விரலை ஓட்டி நின்றார். புலியின் கண்ணைத் தாண்டிச் சிவப்பு மை விலகியிருந்தது. "ஏலே, மிஷின நிப்பாட்டு!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். "அந்த விண்ணப்பத்த நீங்களே வச்சுக்கிடுங்க சார். திங்கக்கிழம பிள்ளைய வரச் சொல்லுங்க."

ஜெபாவின் விரல்களில் அதைப் படித்ததும் மாரி என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஜெபா அழுதுகொண்டே மாரியைப் பார்த்து, "அதுக்காக இங்கிலீஷ விட்டுருவேனாக்கும்? நாளைக்கே பாடம் உண்டு" என்றாள்.

மூன்று மணி. திரும்பும் வண்டியில் விண்ணப்பத்தைப் பிரித்தேன். பின்பக்கம் மாரி ஏதோ எழுதியிருந்தாள், அவளுடைய ஆங்கிலத்தில்:

"கடிதம் அழகு. உள்ளே நான் இல்லை."

சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுக்கவில்லை.